அட்டைப்பெட்டியில் விழுந்த தலைப்புகள்

காளவாசல் சிக்னலுக்கு எதிரே
மூன்றாவது மாடி.
கீழே டயர் கடை, நடுவில் பல் டாக்டர்,
மேலே நாங்கள்.
வெப் பாடம் நடத்துவது எபனேசர், பசுமலைக்காரர்.
ரசீது போடுவது நான்.

அடுத்த மாதம் எதைச் சொல்லித்தரலாம்,
அவங்களையே கேட்டுப் பாருங்கக்கா என்றார்.
பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியில்
பிளேடால் ஒரு வாய் கிழித்து
தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வெள்ளிக்கிழமைக்குள் பாதி நிறைந்தது.
அதில் இரண்டு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய்த் தாள்.

டைப் அடித்துக் கொடுக்க வேண்டியது என் வேலை.
புரியாததைப் புரியாதபடியே அடித்தேன்.

ஒச்சப்பன், ஷேர் ஆட்டோ, ராத்திரி பேட்ச்:
'கோரிப்பாளையத்துல எட்டுப் பேரோட
நட்டநடு ரோட்டுல நிறுத்திக் காட்டுறேன்.
இந்த டிவ்வைத் திரைக்கு நடுவுல நிறுத்த மட்டும்
ஒரு வழி சொல்லுங்க.'

சோணைக்கு எண்ணிக்கையில் தகராறு:
'என் பேரு ரெண்டெழுத்து.
ஜாவாஸ்கிரிப்ட் நாலுங்குது.
ஒட்டி நிக்கிறதையெல்லாம் தனி ஆளா எண்ணுனா
ரேஷன் கார்டு என்னத்துக்கு ஆகும்?'

மெகருன்னிசா, சோழவந்தான், வெற்றிலை வியாபாரம்:
அரைக் கவுளி என்று எழுதினால்
எண்ணை மட்டும் போடு என்று திட்டுகிறதாம் ஃபாரம்.
அதுக்கு நம்ம கணக்கைச் சொல்லிக்குடுக்க
ஒரு பாடம் உண்டா என்று கேட்டிருந்தாள்.

பேரையூர்ப் பையன் ஒருவன்
சிக்னல் ஒரு கோடுதான் வரும் என்கிறான்,
அதுவும் தண்ணித் தொட்டி மேல் ஏறினால்.
படம் வராமல் போகட்டும்,
கடைசி பஸ் நேரம் மட்டும் வருகிற மாதிரி
ஒரு பக்கம் செய்யவேண்டும் அவனுக்கு.

'இத்தனையும் படிச்சா வேலை கிடைக்குமா?'
இது தலைப்பு இல்லை.
இருந்தாலும் அடித்தேன்,
கடைசியில், எழுத்தைச் சின்னதாக்கி.

நாலாக மடித்த சீட்டு ஒன்று.
பேர் இல்லை.
'அப்பா பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டாலும்
ஃபாரம் போகும்படி செய்வது எப்படி?'

அடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.
அடுத்ததை அடித்துவிட்டு
இதற்கே திரும்பி வந்தேன்.

எங்கள் சேர்க்கை ஃபாரத்திலும் உண்டு அந்தக் கட்டம்,
தலையில் சிவப்பு நட்சத்திரத்தோடு.
நாளைக்கு நாலு தடவை சொல்கிறவள் நான்:
ஸ்டார் போட்டதெல்லாம் கட்டாயம்,
பார்த்து நிரப்புங்க.

பழைய பதிவுகளைத் திறந்து
இறங்கிக்கொண்டே போனேன்.
ஜூன் மாதம், பதினேழாம் ரசீது.
அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு புள்ளி.
வேறொன்றும் இல்லை, ஒரே ஒரு புள்ளி.
ஃபாரம் அதை வாங்கிக்கொண்டு
நன்றி என்று பச்சையில் சொல்லியிருக்கிறது.
கீழே என் கையெழுத்து.

யாரென்று தெரியும்.
இங்கே எழுதப்போவதில்லை.

சாயங்காலம் எபனேசரிடம்
எந்த வரி என்று கேட்டேன்.
எதுக்கு என்று கேட்காமல் காட்டினார்.
நூற்றுப் பன்னிரண்டாவது வரி,
அதன் ஓரத்தில் ஒரு இங்கிலீஷ் சொல்.
எட்டு எழுத்து. எட்டுத் தட்டு.
நட்சத்திரத்துக்கு ஒன்று.
இத்தனை வருஷத்தில் நான் எழுதிய முதல் புரோகிராம்
அழித்ததுதான்.

சேவ் பண்ணி, பக்கத்தைத் திறந்து பார்த்தால்
அங்கேயே நிற்கிறது நட்சத்திரம்,
சிவப்பாக, ஒன்றும் நடக்காதது போல.

'பழசை பிரவுசர் ஞாபகம் வச்சிருக்கும்க்கா.
லேசுல விடாது'
என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார்.
உள்ளே ஒச்சப்பனின் பெட்டி
இடது மூலையிலேயே கிடந்தது.
கீழே தேனி பஸ் ஹாரன்.

ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் கிழித்து எழுதினேன்:
'அழித்த பிறகும் பழையதே தெரிவது ஏன்?'

நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன்.
பேர் போடவில்லை.
எபனேசருக்கு என் கையெழுத்து தெரியும்.